உப்புக்காற்று ஊரில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரைத் தள்ளிவிட்டு, மூன்று நான்கு லட்சத்துக்குள் இன்னொன்று எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது ‘இஞ்சின் எப்படி இருக்கு?’ கடலூரிலும் புதுச்சேரியிலும் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) எந்த மாநிலத்தது, யார் பெயரில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அடித்தட்டில் துரு எவ்வளவு என்பது இரண்டாவது. இஞ்சினில் என்ன கோளாறு என்றாலும் மெக்கானிக் அதற்கு ஒரு தொகை சொல்லிவிடுவார். துருப்பிடித்த சட்டத்துக்கும் சிக்கலான ஆர்சிக்கும் அப்படித் தொகை சொல்ல ஆளில்லை.

பழசு போகத்தான் வேண்டுமா?

இப்போதுள்ள காரை வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டு, அடுத்த ஒரு வருடத்துக்குள் என்னென்ன வேலை வரும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் செட், லோயர் ஆர்ம், ஏசி கண்டன்சர் என்று பட்டியல் நீண்டால் மலைக்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கும் காருக்கும் இதில் பாதி வேலை வரத்தான் போகிறது. இந்தப் பட்டியலுக்காக மட்டும் காரை மாற்றுவது நஷ்டக் கணக்கு.

மாற்றியே ஆக வேண்டியது மூன்று நிலைகளில். முன் ஷாக் அப்சார்பர் உட்காரும் இடத்திலோ கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டிலோ துரு ஓட்டை போட்டுவிட்டது. ஹெட் இறக்கி வேலை பார்த்தும் இஞ்சின் மறுபடி சூடாகிறது. அல்லது சாதாரண பாகத்துக்கே சென்னை, டெல்லி என்று சொல்லி வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பதினைந்து வருடம் நெருங்கும் காரென்றால் மறுபதிவுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். 2022 ஏப்ரலில் இருந்து 15 வருடம் கடந்த, 20 தாண்டாத காருக்கு மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முன் டிங்கரிங், பெயின்டிங் செலவு அதற்கும் மேல். கிடைப்பது இன்னும் ஐந்து வருடம். கார் கட்டுறுதியாக இருந்தால் இது நல்ல பேரம்தான்.

என்ன கார் தேடுவது

குறைந்த செலவில் நிம்மதி வேண்டுமென்றால் பெட்ரோல், டர்போ இல்லாத இஞ்சின், கையால் போடும் கியர், ஊரில் நிறைய ஓடும் மாடல். வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஆல்டோ கே10, ஐ10, கிராண்ட் ஐ10, பெட்ரோல் அமேஸ், எட்டியோஸ் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. எட்டியோஸ் 2020இல் நின்றுவிட்டாலும் டாக்ஸியாக ஏராளமாக ஓடுவதால் பாகம் கிடைப்பதில் சிரமமில்லை. இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனிகளின் கார்கள் விலையில் ஆசை காட்டும். செவ்ரோலே 2017இலும் ஃபோர்டு 2021இலும் டட்சன் 2022இலும் கடையை மூடின. ஓடும் பாகங்கள் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட், கதவுக் கண்ணாடி உடைந்தால்தான் அலைச்சல். அந்த மாடலுக்கென்றே பெயர் வாங்கிய மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

தயாரித்த மாதம் ஆர்சியிலேயே இருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம். அதே வருடம் ஜூலையில் இருந்து ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஆகவே ஒரே விலையில் 2018 டாப் வேரியன்ட், 2020 பேசிக் என்று இரண்டு வந்தால் அலாய் வீலைப் பார்த்து மயங்காமல் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பேசிக் மாடல்களில் இரண்டுமே இருக்காது.

டீசல் ஆசை பலரை விடாது. ஒரு கணக்கு போடுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 18. டீசல் லிட்டர் 90 ரூபாய், மைலேஜ் 22. கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 5.56 ரூபாய், டீசல் 4.09. வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 12,000 ரூபாய்க்குள். ஒரே ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ கைவிட்டால் அந்த மிச்சம் ஒரு மதியத்தில் போய்விடும். அதோடு 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல்களில் சைலன்சர் வழியில் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது இருபது நிமிடமாவது தடையில்லாமல் ஹைவேயில் ஓட வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கும், நெல்லித்தோப்பிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கும் போய்வரும் காரில் அது அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறை சென்னை போகிறவர் டீசல் எடுக்கலாம்.

பணத்தைப் பிரிப்பது

நான்கு லட்சம் கையில் இருந்தால் மூன்றரைக்குள் கார் பாருங்கள். மீதி ஐம்பதாயிரம் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் மாத வேலை. தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய்; ஜிஎஸ்டி தனி. 1498 சிசிக்கும் 1598 சிசிக்கும் ஓட்டத்தில் தெரியாத வித்தியாசம் இங்கே இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆர்சி: பிஒய்யா, டிஎன்னா

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. தவளக்குப்பம் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் மாநிலம் மாறிவிடுகிறது. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே ஒரு முகவரி காட்டிப் பதிவு செய்த பிஒய்-01 கார்கள் தமிழ்நாடு முழுக்க ஓடுகின்றன. அவை கை மாறும்போதுதான் கணக்கு வெளியே வரும்.

வேறு மாநிலப் பதிவு கொண்ட காரை ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கடலூரில் குடியிருப்பவர் பிஒய் கார் வாங்கினால் புதுச்சேரி ஆர்டிஓவிடம் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். பிறகு கடலூரில் ஆயுள் வரி கட்டி டிஎன்-31 எண் எடுக்க வேண்டும். புதுக் காருக்கான தமிழ்நாட்டு ஆயுள் வரி 2023 நவம்பரில் உயர்ந்தது: 5 லட்சம் வரை 12 சதவீதம், விலை கூடக் கூட 20 சதவீதம் வரை. பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். குறைந்தாலும் கையைக் கடிக்கும். ஆகவே ஒரே மாடல், ஒரே வருடம், பிஒய் கார் முப்பதாயிரம் மலிவு என்று புரோக்கர் சொன்னால், ஆர்டிஓ ஆபீசில் வரியைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அது மலிவா என்று தெரியும். புதுச்சேரிக்காரர் டிஎன் கார் எடுத்தாலும் இதே நடை, எதிர்த்திசையில்.

பார்க்கப் போவதற்கு முன்பே எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்: எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா. ஈ-சலான் தளத்தில் அபராத பாக்கியைப் பாருங்கள். நேரில் போனதும் ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தைச் சுற்றி உரசலோ புதுப் பெயின்டோ தெரிந்தால் அங்கேயே விடைபெறலாம்.

லோன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. பேங்க் தந்த என்ஓசியும் ஆர்சியிலிருந்து லோனை நீக்கக் கையெழுத்திட்ட ஃபார்ம் 35ம் வேண்டும். பாக்கி இருந்தால் பணத்தை விற்பவரிடம் தராமல் அந்த லோன் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். ஓனர் இறந்துபோயிருந்தால் வாரிசு முதலில் ஃபார்ம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றட்டும், பிறகு நீங்கள் வாங்குங்கள். ‘எல்லா ஃபார்மிலும் சைன் வாங்கி வச்சிருக்கேன் சார்’ என்று தேதி போடாத தாள்களை நீட்டும் புரோக்கரிடம், ஆர்சியில் பேர் உள்ளவரை ஒரு முறை போனிலாவது பேச வையுங்கள். பேச வைக்க முடியாத வண்டி வேண்டாம்.

டாக்ஸியாக ஓடி ஒயிட் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவுக்கு) மாறிய வண்டிகள் சுற்றுலா ஊரில் நிறைய. மீட்டரில் 60,000 காட்டும். பின் சீட் முன் சீட்டை விட அதிகம் நைந்திருக்கும், பின் கதவுக் கைப்பிடி வழவழப்பாகியிருக்கும், கூரையில் கேரியர் மாட்டிய தழும்பு இருக்கும். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கின் மேல்பகுதியும் மீட்டரை விட நாணயமானவை. வண்டி எண் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசி சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் நடந்தது என்று கேட்கலாம். ஓனரே கேட்டால் சுலபம்.

அடித்தட்டு

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். குருசுகுப்பம், வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம், கடலூர் ஓ.டி. பக்கம் தெருவில் நின்ற காருக்கு ஐந்து வயதிலேயே, கடலிலிருந்து தள்ளியுள்ள ஊரில் ஓடிய பத்து வயதுக் காரின் அடிவயிறு இருக்கும். அதே வருடம், அதே விலையில் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் ஓடிய கார் கிடைத்தால் அதையே எடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். தண்ணீர் அடிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். கையில் டார்ச், மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர். முன்னிருந்து பின்னாகப் போங்கள். ரேடியேட்டரின் அடிவிளிம்பில் தகடு விரலால் தொட்டால் பொடியாக உதிர்கிறதா? முன் சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளம் போலத் தட்டுப்பட்டால் உள்ளே துரு நடந்துகொண்டிருக்கிறது. ரன்னிங் போர்டில் ஜாக்கி வைக்கும் இரட்டைத் தகட்டு விளிம்பு நசுங்கியிருக்கலாம், பரவாயில்லை. அரித்திருக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று திருப்பிச் சொல்லும். அரித்த இடமும் பட்டி அடைத்த இடமும் ‘பொத்’ என்று விழுங்கும். சத்தம் மாறும் இடத்தில் மட்டும் நின்று டார்ச் அடியுங்கள்.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய மூன்று நான்கு சிறு ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்தால் மழைநீர் உள்ளேயே நின்று கதவை அடியிலிருந்து தின்னும். பின் ஆக்சில் பீமில் மேல்துரு இருப்பது இயல்பு. செதில் செதிலாகப் பெயர்ந்தால் இயல்பல்ல. பிரேக் ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய் சொரசொரப்பாக வீங்கியிருந்தால் அது முழுக்க மாற்ற வேண்டிய வேலை, பேரத்தில் சேருங்கள். ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் உட்காரும் தட்டையும் பேட்டரிக்கு அடியிலுள்ள தட்டையும் விட்டுவிடாதீர்கள்.

அடி முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்புக் கோட்டிங் இருந்தால் சந்தேகப்படுங்கள். விற்கப் போகும் வாரத்தில் யாரும் காருக்கு அடிக்கோட்டிங் போடுவதில்லை, மறைக்க ஏதும் இல்லையென்றால். நகத்தால் கீறினால் துருவோடு சேர்ந்து பெயரும்.

மேல்பக்கம் விபத்து தேடுவது இதைவிடச் சுலபம். பானட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 300ஐத் தாண்டினால் அடியில் பட்டி. பம்பரும் கதவும் மாற்றியது பெரிய குற்றமில்லை. ரேடியேட்டரின் பின்னால் நீளும் இரு சட்டக் கட்டைகளில் சுருக்கமோ வெல்டிங்கோ இருந்தால் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற கார்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் கார்கள் தண்ணீரில் நின்றன. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற சென்னைக் கார்களும் இந்தப் பக்கம் வர வாய்ப்புண்டு. சீட்டை வாட்டர் வாஷ் செய்து சென்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுங்கள். அடி நுனிப் பக்கம் சேற்றுக்கோடு தங்கியிருக்கும். சீட்டை முன்னே தள்ளி, அது நகரும் தண்டவாள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் வண்டல் தேடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பின்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை பாதியானாலும் வேண்டாம். வயரிங்கில் உப்பு ஏறிய கார் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பவர் விண்டோ, ஒரு நாள் மீட்டர், ஒரு நாள் ஸ்டார்ட்டிங் என்று தவணை முறையில் பழிவாங்கும். 2024 டிசம்பருக்கான இன்சூரன்ஸ் கிளெய்ம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இஞ்சினும் ஓட்டமும்

காலையில் போங்கள். பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய இஞ்சினைத்தான் சோதிக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சருக்குப் பின்னால் ஒருவர் நிற்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கட் சந்தேகம். ஆயில் மூடியின் உட்புறம் பால்கோவா நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் மூன்றும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பையோ வயரையோ எடுத்திருக்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை (காரின் கம்ப்யூட்டரைப் படிப்பது) போனோடு இணைத்தால் கோளாறு எண்கள் மட்டுமல்ல, கடைசியாக அவற்றை அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பல கார்களில் காட்டும். அது 15 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்று யாரோ துடைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

ஏசியை முழுசாகப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் விட்டு விட்டு ஓட வேண்டும், டெம்பரேச்சர் நடுவிலேயே நிற்க வேண்டும். நம் ஊர் மே மாதத்துக்கு இதுதான் பரீட்சை.

ஓட்டிப் பார்க்கக் கடலூரில் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. இரண்டாவது கியரில் ஏறும்போது இஞ்சின் சுற்றுவது கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தின் நடுவே நிறுத்தி ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் மேடு தேட முடியாதவர்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் அதே விடை வரும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். ஸ்பீட் பிரேக்கரில் ‘கட கட’ என்றால் லிங்க் ராடும் புஷ்ஷும், சில ஆயிரத்தோடு முடியும். ஈசிஆரில் காலியான இடத்தில் 60இல் இருந்து பிரேக் அழுத்தும்போது ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, ஸ்டீயரிங் நடுங்கக் கூடாது.

பிடித்துவிட்டால் உங்கள் மெக்கானிக்கை வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள். பெட்ரோல் இஞ்சினில் பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும். எண் முன்பின் இருக்கலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019இல் 35வது வாரம். தரையில் படும் பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரைப் பேரத்தில் பூஜ்யமாகக் கணக்கிடுங்கள்.

பேரம், பெயர் மாற்றம்

‘பத்தாயிரம் குறைங்க’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் இரண்டாயிரம் குறையும். டயர் இவ்வளவு, பிரேக் பைப் இவ்வளவு, கண்டன்சர் இவ்வளவு என்று மெக்கானிக் எழுதிய தாளை நீட்டினால் பேச்சே வேறு. அட்வான்ஸ் ஐந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். ரசீதில் வண்டி எண், ஒப்பிய விலை, ‘என்ஓசி வராவிட்டால் திருப்பித் தரப்படும்’ என்ற வரி இருக்கட்டும். மீதி பேங்க் வழியாக.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் மோதினால் எதிராளிக்குக் கிடைக்கும், உங்கள் காரின் சேதத்துக்குக் கிடைக்காது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும்.

அதே காரணத்தால் உங்கள் பழைய காரின் போனஸ் உங்களோடு வரும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் 50 சதவீதம். பழசை விற்ற பின் கம்பெனியிடம் சான்று வாங்கினால் மூன்று வருடம் வரை புதிதாக வாங்கும் காருக்குப் பயன்படும். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. பழைய காரை ஒப்படைக்கும்போது தேதியோடு மணியும் எழுதி, வாங்கியவர் கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்குங்கள், ஃபாஸ்டேக்கை நிறுத்துங்கள், பெயர் மாறிவிட்டதா என்று ஆப்பில் பார்க்கும்வரை விடாதீர்கள். விற்றுவிட்டாலும் ஆர்சியில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு

விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் முதல் வாரத்திலேயே இஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். கூலன்ட்டுக்குப் பதில் பைப் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒரு முறை நன்றாக அலசிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். கதவடி ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். காய்ந்த ஒரு வெயில் நாளில் அடிக்கோட்டிங் போடலாம். இருக்கும் துருவைத் தேய்த்தெடுத்த பிறகு, மழைக்கு முன்பு.

கார் கழுவும் தண்ணீரை ஒரு முறை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரையோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரில் வாரம் இரண்டு முறை கழுவுகிறவரின் கார், கழுவாமலே விட்டவர் காரைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர் இரண்டு பக்கெட் போதும், அதில் ஒன்றைச் சக்கர வளைவுகளுக்கு உள்ளே அடியுங்கள்.